சிப்பாய்க்குச் சோறு போடுவது யார்?

2024 பிப்ரவரியில் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவை ஒட்டிய நெடுஞ்சாலையிலும் வேறு சில ஊர்களிலும் பெண்கள் திரண்டு வழியை மறித்தார்கள். ராணுவ வீரர்களின் மனைவிமார் அவர்கள். சம்பளம் பற்றவில்லை, ஓய்வூதியம் இல்லை, குடியிருப்பில் கரண்ட் இல்லை, மேலே இருப்பவர்கள் கையாடுகிறார்கள் என்று குறைகளை அடுக்கினார்கள். ஜோசப் போகாய் அதிபராகி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவர் நியமித்த பாதுகாப்பு அமைச்சர் பிரின்ஸ் சார்லஸ் ஜான்சன், அதற்கு முன் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். பதவியேற்ற சில நாளிலேயே ராஜினாமா செய்தார். பிப்ரவரி 11 அந்த நாட்டின் ராணுவ தினம். அந்த ஆண்டு விழாவையே அரசு ரத்து செய்தது.

வெளியுலகுக்கு இது ஒருநாள் செய்தி. லைபீரியாவின் கதை தெரிந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி விடியலுக்கு முன் அதிபர் மாளிகைக்குள் புகுந்து வில்லியம் டால்பர்ட்டைக் கொன்ற பதினேழு பேரும் அதிகாரிகள் அல்லர், கீழ்நிலைச் சிப்பாய்கள். தலைமை தாங்கியவர் சாமுவேல் டோ என்ற சார்ஜென்ட். பற்றாத சம்பளமும் ஒழுகும் குடியிருப்பும் அவர்களுடைய மனக்குறைகளில் முன்வரிசையில் இருந்தன. பத்து நாள் கழித்து, பழைய ஆட்சியின் பதின்மூன்று பேரைக் கடற்கரையில் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். அங்கிருந்து தொடங்கிய சரிவுதான் 1989இல் உள்நாட்டுப் போராக வெடித்து, ஓர் இடைவெளி விட்டு, 2003 வரை நீடித்தது.

அதே குறை, 44 ஆண்டு கழித்து, மனைவிமாரின் வாயால் வந்தது. சீருடைக்காரன் தெருவுக்கு வந்தால் கலகம். அவன் மனைவி வந்தால் மறியல். அந்த வேறுபாட்டைப் படைவீரர்கள் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதே நான் இங்கே பேசப்போகும் சீர்திருத்தத்தின் வெற்றி. மறியலுக்கான காரணம் அப்படியே மிச்சமிருந்தது அதன் தோல்வி. உலகில் அண்மைக் காலத்தில் ஒரு நாட்டின் ராணுவத்தை முழுவதுமாகக் கலைத்துவிட்டு, வெறுந்தரையிலிருந்து புதிதாகக் கட்டிய சோதனை லைபீரியாவில் நடந்தது. அதைப் பற்றிய அறிக்கைகள் துப்பாக்கிகளை எண்ணுகின்றன, தலைகளை எண்ணுகின்றன. எனக்கென்னவோ, அந்த ராணுவத்தின் நூற்றாண்டுக் கதை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றி வருவதாகத் தோன்றுகிறது. சிப்பாய்க்குச் சோறு போடுவது யார்?

முதல் பதில்: கிராமம். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுக் கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் 1847இல் உருவாக்கிய குடியரசு இது. கடலோரத்தில் அவர்கள் ஆட்சி. உள்நாட்டில் பதினாறு பூர்வகுடி இனங்கள். ஒருபுறம் பிரிட்டனும் மறுபுறம் பிரான்சும் எல்லையைக் கடித்துக்கொண்டே வர, உள்நாடு தன் பிடியில்தான் இருக்கிறது என்று காட்ட 1908இல் எல்லைப்படை ஒன்றை அரசு அமைத்தது. அந்தப் படைக்கு அன்றாட வேலை, குடிசைவரி வசூல். சம்பளம் ஒழுங்காக வராத சிப்பாய், போன ஊரில் அரிசியையும் கோழியையும் எடுத்துக்கொண்டான். மூட்டை தூக்க ஆளையும் பிடித்துக்கொண்டான். 1920களில் பெர்னாண்டோ போ தீவின் தோட்டங்களுக்குக் கூலிகளைக் கட்டாயமாக ஏற்றி அனுப்பியபோது ஆள்பிடித்துக் கொடுத்ததும் இதே படைதான். சர்வதேச சங்கத்தின் விசாரணையில் அது வெளிவந்து, 1930இல் அதிபர் சார்லஸ் கிங் பதவி விலக நேர்ந்தது. படையின் பெயர் பின்னாளில் மாறியது. ஊருக்குள் சிப்பாய் வந்தால் கோழியைக் கூடையில் கவிழ்த்து மூடும் பழக்கம் மாறியிருக்குமா?

டோ காலத்தில் பதில் மாறியது: அதிபர். தன்னுடைய க்ரான் இனத்தவரைப் படைக்குள் நிரப்பினார். 1985இல் ஒரு கவிழ்ப்பு முயற்சி தோற்றபின், நிம்பா மாவட்டத்தின் கியோ, மானோ மக்கள்மீது படை பழிதீர்த்தது. நான்கு ஆண்டு கழித்து, 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சார்லஸ் டெய்லர் தன் ஆட்களோடு எல்லை தாண்டி நுழைந்ததும் நிம்பாவுக்குள்தான். சேர ஆள் காத்திருந்தது. 1990 ஜூலையில் மன்ரோவியாவின் புனித பேதுரு லூத்தரன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 600 பேரை அரசுப் படையினரே கொன்றார்கள். மக்களைக் காக்க வேண்டிய நிறுவனம் அந்த ஓர் இரவோடு தன் பெயரை இழந்தது.

இடையில் ஒரு வாய்ப்பு வந்து கைநழுவியது. அமைதி உடன்படிக்கைகளின்படி ராணுவத்தை மேற்கு ஆப்பிரிக்க அமைதிப்படை மறுசீரமைக்க வேண்டும். 1997 தேர்தலில் வென்ற டெய்லர், இப்போது நான் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர், படை என் பொறுப்பு என்று அதைத் தட்டிக்கழித்தார். ராணுவத்தைப் பட்டினி போட்டுவிட்டு, பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு என்ற பெயரில் தனக்கென ஒரு படையை வளர்த்தார். அதை நடத்திய அவர் மகன் சக்கி டெய்லருக்குப் பின்னாளில் மயாமி நீதிமன்றம் சித்திரவதைக் குற்றத்துக்காக 97 ஆண்டு சிறை விதித்தது. தேர்தலை முதலிலும் படைச் சீர்திருத்தத்தை அப்புறமும் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. இரண்டே ஆண்டில் அடுத்த போர் மூண்டது.

2003 ஆகஸ்ட் 11இல் டெய்லர் நைஜீரியாவுக்கு விமானமேறினார். ஒரு வாரத்தில் அக்ராவில் ஒப்பந்தம். பழைய ராணுவம் கலைக்கப்பட்டுப் புதிதாக அமைக்கப்படும், அதற்கு அமெரிக்கா முன்னிற்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. ஐநா பாதுகாப்பு அவை 15,000 துருப்புகளுக்கு ஒப்புதல் தந்தது.

ஆயுதக் களைவு தொடங்கிய டிசம்பர் 7 அன்றே கலவரம். வந்தவர்களை முகாம் தாங்கவில்லை. பணம் உடனே கைக்கு வரும் என்று நம்பி வந்தவர்கள் நகருக்குள் சுட்டுக்கொண்டே திரும்பினார்கள். நிறுத்திவைத்து, 2004 ஏப்ரலில் மறுபடி தொடங்கினார்கள். போராளிகள் 38,000 பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. பதிவேட்டில் ஏறியவர்கள் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கும் மேல். ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளோ சுமார் 28,000. கணக்கு இடிப்பதற்குக் காரணம் எளிது: 150 தோட்டா கொண்டுவந்தாலும் ஒருவரைப் போராளியாகப் பதிந்துகொண்டார்கள், தலைக்கு 300 டாலர். தளபதிகள் தோட்டாவைப் பங்குபோட்டுத் தங்கள் ஆட்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். இதை மோசடி என்று எழுதிய வெளிநாட்டவர்கள் பலர். வேறெந்த வருமானமும் இல்லாத ஊரில் ரேஷன் அட்டை வழங்குகிறார்கள் என்றால் வரிசை நீளத்தானே செய்யும்?

அடுத்து ராணுவம். போர்க்காலத்தில் சேர்ந்தவர்கள், அதற்கு முன்பிருந்தே இருந்தவர்கள் என்று பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பணிமுடிப்புத் தொகை கொடுத்து 2005இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்ரா ஒப்பந்தம் ஏற்பட்ட அதே 2003இல்தான், மே மாதம், ஈராக்கின் ராணுவத்தை அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே ஆணையில் கலைத்திருந்தார். லட்சக்கணக்கான பயிற்சிபெற்ற ஆட்கள் வேலையும் மானமும் போய்த் தெருவில் நின்றதன் விளைவை உலகம் பார்த்தது. லைபீரியாவில் அப்படி ஆகாததற்கு நல்லெண்ணத்தைவிடக் கணக்கே காரணம். கலைக்கப்பட்டவர்களைவிட ஐநா துருப்புகள் எண்ணிக்கையில் அதிகம். கையில் ஏதோ கொஞ்சம் பணமும் கிடைத்தது. ஆனாலும் முன்னாள் வீரர்கள் 2006இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன் மோதலில் இறங்கினார்கள். பிறகும் பல ஆண்டு பாக்கி கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள்.

கலைக்க முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லைபீரியப் போரில் யாரும் ஜெயிக்கவில்லை. ஜெயித்த படையை எவரும் கலைக்கச் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நடக்காது. 2009க்குப் பிந்தைய இலங்கையில் படையின் அளவைக் குறைக்கும் அறிவிப்பு வருவதற்கே பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. அப்போதும் காரணம் கஜானா வறட்சிதான். லைபீரியாவில் வென்றவன் இல்லாத வெற்றிடம் இருந்தது. சீர்திருத்தக்காரர்கள் அந்த வெற்றிடத்தில்தான் கடை விரித்தார்கள்.

கடை என்றது வேண்டுமென்றேதான். அமெரிக்கா தன் ராணுவத்தை அனுப்பவில்லை. டைன்கார்ப் என்ற தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் என்று அமெரிக்கப் படையினர் ஏற்கெனவே சிக்கிக்கிடந்த காலம். 4,000 பேர் கொண்ட ராணுவம் என்று முதலில் பேச்சு. நாளைக்கு இவர்களுக்குச் சம்பளம் கொடுக்க லைபீரியாவால் முடியுமா என்று யோசித்து அதை 2,000 ஆக்கினார்கள். ஓர் ஏழை நாட்டின் படை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை எதிரி யார் என்று பார்த்து முடிவுசெய்யாமல், மாதச் சம்பளப் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்த அந்த ஒரு விஷயத்தில் எனக்கு டைன்கார்ப்காரர்கள் மேல் மரியாதை உண்டு.

இன்னொன்றிலும் உண்டு: ஆள் தேர்வில். போர்க்குற்றம் செய்தவன் படைக்குள் வரக்கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது? காவல் நிலையப் பதிவேடுகள் எரிந்துவிட்டன. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று எதற்கும் உத்தரவாதம் கிடையாது. போர்க்காலத்தில் பலருக்கும் புனைபெயர்தான். இந்த நிலையில், ஊரே பதிவேடு என்று முடிவு கட்டினார்கள். விண்ணப்பித்தவரின் முகத்தைப் படம் பிடித்து, பெயரும் ஊரும் போட்டு, மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். இவனைத் தெரியுமா, இவன்மேல் ஏதும் குறை உண்டா, சொல்லுங்கள். சொன்னவரின் பெயர் வெளிவராது. கூடவே விசாரணைக் குழுக்கள் நேரே சொந்த ஊருக்குப் போய் அக்கம்பக்கத்தில் கேட்டன. பன்னிரண்டாயிரம் பேருக்குக் குறையாமல் விண்ணப்பித்ததில் சுமார் இரண்டாயிரம் பேர்தான் தேறினார்கள். 2006 நவம்பரில் நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட முதல் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது.

அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு சந்தைச் சுவர். வரிசையாக இளைஞர்களின் முகங்கள். மரவள்ளி விற்க வந்த ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். நூறு ஆண்டாகப் படைதான் அவள் ஊருக்குள் வந்து ஆள்பிடித்தது. படைக்கு யார் போகலாம் என்று அவளிடம் கேட்பது அந்நாட்டு வரலாற்றில் அதுதான் முதல் தடவை. பின்னால் வந்த சட்டங்களிலும் திட்டங்களிலும் இவ்வளவு நேரடியான ஜனநாயகம் எதையும் நான் காணவில்லை.

ஆனால் கேட்டது லைபீரிய அரசு அல்ல. ஓர் அமெரிக்க நிறுவனம். ஒப்பந்தம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையில். லைபீரியா அதில் ஒரு தரப்பே இல்லை. தன் நாட்டு ராணுவம் எப்படிக் கட்டப்படுகிறது, எவ்வளவு செலவாகிறது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் கேட்டுப் பதில் வாங்க வழியில்லை. பயிற்சிப் பாடத்தில் மூன்று வாரம் மனித உரிமை, குடிமை, போர்ச் சட்டம் என்று இருந்தது. செலவை மிச்சம் பிடிக்க அதை வெட்டினார்கள். லூத்தரன் தேவாலயத்தை நினைவில் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டிருந்தால், அணிவகுப்பை வேண்டுமானால் மூன்று வாரம் குறையுங்கள், இதைத் தொடாதீர்கள் என்றிருப்பார். கேட்கத்தான் இடமில்லையே. தலைமைத் தளபதி பொறுப்பிலும் நைஜீரிய ஜெனரல் சுராஜ் அப்துர்ரஹ்மான் பல ஆண்டு இருந்தார். தங்கள் நாட்டவர் ஒருவர், டேனியல் சியான்கான், அந்த நாற்காலியில் உட்கார 2014 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது பதில் அப்படியாக, அமெரிக்கா. ஒரு சிப்பாய் நல்ல சீருடையும் பூட்ஸும் போட்டிருந்தான். அதற்கான பில் வேறொரு நாட்டில் கட்டப்பட்டது.

காவல்துறையில் கதை சற்று வேறு. ராணுவம் போல அதை மூடிவிட்டுத் திறக்க முடியாது. திருடன் காத்திருக்க மாட்டான். ஐநா போலீசார் பழைய ஆட்களைச் சலித்துக்கொண்டே புதியவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். இங்கேதான் இந்தியாவுக்கு ஓர் இடம் வருகிறது. 2007 ஜனவரியில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நூற்றுச் சொச்சம் பெண்கள் மன்ரோவியாவில் வந்திறங்கினார்கள். ஐநா வரலாற்றில் முழுக்கப் பெண்களே கொண்ட முதல் காவல் அணி அது. அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபின் மாளிகை 2006 சுதந்திர தினத்தன்று தீப்பிடித்ததால் அவர் வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தில் அலுவலகம் நடத்தினார். அதன் வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்கள் இந்தப் பெண்கள். இரவு ரோந்துக்கும் போனார்கள். சுழற்சி முறையில் ஆண்டுதோறும் புது அணி வந்து, 2016 வரை இருந்தார்கள். அந்தக் காலத்தில் லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு ஆறு சதவீதம் அளவிலிருந்து பதினேழுக்கு உயர்ந்தது. முழுப் பெருமையையும் நம்மவர்களுக்கே கொடுத்துவிட நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு ஆசைதான். பள்ளி முடிக்காத பெண்களுக்குத் தனியே பாடம் நடத்தித் தேர்ச்சிபெற வைத்த திட்டம், ஒரு பெண்ணையே காவல்துறை இயக்குநராக்கிய சர்லீஃபின் முடிவு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு.

எண்ணிக்கை கூடியது. காவல் நிலையத்தின் மேசை? 2013இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை காட்டும் காட்சி இது: திருட்டுப் புகார் கொடுக்கப் போனால், எழுதத் தாளும் பேனாவும் வாங்கி வரச் சொல்கிறார்கள். விசாரிக்கப் போக வண்டிக்கு எரிபொருள் காசு கொடுக்கச் சொல்கிறார்கள். அதைக் கொடுத்தபின்னும் எதிராளி கூடுதலாகக் கொடுத்தால் வழக்கு அங்கே நின்றுவிடும். காவலரைக் கேட்டால், ஊருக்கு ஒரு மோட்டார் சைக்கிள், அதற்கும் பெட்ரோல் இல்லை என்பார். நம் வாசகர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கிராமத்துக் கோழி இங்கே தாளாகவும் பேனாவாகவும் மாறியிருக்கிறது.

உளவுத்துறை பற்றி அதிகம் சொல்ல வழியில்லை, அதன் இயல்பே அது. இருபத்தேழு ஆண்டு ஆண்ட வில்லியம் டப்மன் காலத்தில் உளவாளிகளுக்கு ‘மக்கள் தொடர்பு அலுவலர்’ என்று பெயராம். அந்த நகைச்சுவைக்காகவே நினைவில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அதிபரும் தன் பயத்துக்கு ஏற்ப ஓர் அமைப்பை உருவாக்கியதில், போர் முடிந்தபோது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்த பாதுகாப்பு நிறுவனங்கள் பத்துக்கும் மேல். 2011இல் வந்த சட்டம் தேசியப் பாதுகாப்பு அமைச்சகம், தேசியப் புலனாய்வுப் பிரிவு ஆகியவற்றை மூடியது.

கட்டியது தாங்குமா என்பது 2014இல் சோதிக்கப்பட்டது. எபோலா. ஆகஸ்ட் 20 காலையில், வெஸ்ட் பாயிண்ட் என்ற கடலோரக் குடிசைப் பகுதியை அரசு சுற்றிவளைத்து மூடியது. பல்லாயிரம் மக்கள், உள்ளே போதிய குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை. அன்றாடம் வெளியே போய்ச் சம்பாதித்தால்தான் சோறு. வேலியை மீறி வெளியே வர முயன்றவர்கள்மீது காவலுக்கு நின்ற படை சுட்டது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வெட்டப்பட்ட அந்த மூன்று வாரப் பாடம் அன்று அங்கே தேவைப்பட்டது. பழைய காலமாக இருந்தால் அந்தச் சாவு ஒரு வதந்தியாக முடிந்திருக்கும். இம்முறை தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்தது, ராணுவமும் தன் ஆட்களை விசாரித்துத் தண்டித்தது. பத்து நாளில் முற்றுகை விலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்குப்பின், 2016 ஜூன் 30 அன்று, நாட்டின் பாதுகாப்புப் பொறுப்பு முழுவதையும் ஐநா லைபீரிய அரசிடம் ஒப்படைத்தது. 2018இல் ஜார்ஜ் வேயா பதவியேற்றபோது, 1944க்குப் பின் முதல் முறையாக ஓர் அதிபர் இன்னொருவரிடம் தேர்தல் வழியே அமைதியாக ஆட்சியைக் கைமாற்றினார். 2023இல் வேயா தோற்றதும் தானே ஒப்புக்கொண்டு விலகினார். இரண்டு முறையும் ராணுவம் முகாமைவிட்டு அசையவில்லை. அண்டை நாடான கினியாவில் 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை.

ஆக, சிப்பாய் கட்டுப்பட்டான். அவனுக்கு மேலே இருந்தவர்கள்? சர்லீஃபின் பன்னிரண்டு ஆண்டு ஆட்சியிலும் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பிரவுனி சமுகாய். வீரர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்து ஒரு நலநிதி சேர்த்துவந்தார்கள். காயம்பட்டால், இறந்தால் குடும்பத்துக்கு உதவ. அந்தக் கணக்கிலிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேல் வேறு செலவுகளுக்குப் போனதாக வழக்கு. அதிபரின் ஒப்புதலோடுதான் எடுத்தேன் என்று அவர் வாதாடினார். 2020இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்தத் தீர்ப்பை நான் இரண்டு விதமாகவும் வாசிக்கிறேன். ஒரு பாதுகாப்பு அமைச்சரைச் சிப்பாய்களின் பணத்துக்காகக் கூண்டில் ஏற்ற முடிகிற நாடாக லைபீரியா ஆகியிருக்கிறது. விண்ணப்பித்த ஒவ்வொரு இளைஞனின் முகத்தையும் சந்தைச் சுவரில் ஒட்டி ஊரைக் கேட்டவர்கள், கணக்குப் புத்தகத்தை எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை.

சோதனை கீழே இருப்பவனுக்கு மட்டும் என்பது நீதியிலும் அப்படியே. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2009இல் தந்த அறிக்கை, போர்க்குற்ற நீதிமன்றம் வேண்டும் என்றது. சர்லீஃப் உட்படப் பலரை முப்பது ஆண்டு பொதுப்பதவிக்குத் தடைசெய்யச் சொன்னது. அது கிடப்பில் போடப்பட்டது. டோவைச் சித்திரவதை செய்து கொன்றதைப் படம்பிடிக்கவே வைத்த பிரின்ஸ் ஜான்சன் (ராஜினாமா செய்த அமைச்சர் வேறு, இவர் வேறு) நிம்பாவின் செனட்டராகவே 2024இல் காலமானார். சிப்பாய் வேலைக்கு அவர் விண்ணப்பித்திருந்தால் முதல் சுற்றிலேயே கழித்திருப்பார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் நீதிமன்றத்துக்கான ஆயத்த அலுவலகம் அமைக்க போகாய் ஆணையிட்டார்.

மறியல் நடந்த அந்த பிப்ரவரிக்கே திரும்பினால், அமைச்சர் விலகியபின் பொறுப்புக்கு வந்தவர் ஜெரால்டின் ஜார்ஜ், ராணுவத்தின் துணைத் தலைமைத் தளபதியாக இருந்த பெண். பேச்சுவார்த்தை நடந்து சாலைகள் திறந்தன. 2006இல் இருபது வயதில் கேமராவுக்கு முன் நின்று, ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறதோ என்று காத்திருந்தவர்கள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். சாலையை மறித்த பெண்கள் ஓய்வூதியம் எங்கே என்று கேட்டது அந்த வயதுக் கணக்கில்தான்.